யாருடைய பல்?

காயங்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் மரியாதை அவற்றின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. அவை சிந்தும் இரத்தத்தைப் பொறுத்தது. பையன் நெற்றியில் ஓர் அங்குலம் தோல் கிழிந்து முகமெல்லாம் சிவந்துவிட்டால் வீடே திரண்டு வருகிறது. அடுத்த வீட்டார் வண்டி கொண்டு வர ஓடுகிறார்கள். பாட்டி குலதெய்வத்துக்கு முடிந்து வைக்கிறாள். அதே பையனுக்கு முழங்காலில் ஒரு முள் ஏறி, இரண்டு சொட்டு இரத்தத்தோடு நின்றுவிட்டதானால், “போ, கையைக் காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

உண்மையில் இது தலைகீழான நியாயம். நெற்றியில் இரத்த ஓட்டம் மிகுதி. அதனால்தான் அங்கே இரத்தம் அவ்வளவு கொட்டுகிறது. அதனாலேயே அந்தக் காயம் விரைவில் ஆறியும் விடுகிறது. முழங்காலில் ஏறிய முள்ளின் கதை வேறு. அது எங்கே போய் நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முழங்கால்களையும் முழங்கைகளையும் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, இந்த விஷயத்தைக் குடும்பஸ்தர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. நாம் வைத்தியர் அல்லர், கணக்கு வாத்தியார்தான். ஆயினும் அடிபட்ட பிள்ளையை முதலில் பார்க்கிறவர் வைத்தியர் அல்லவே! தாயாரோ வாத்தியாரோதான் முதலில் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதா, வேண்டாமா என்ற தீர்ப்பும் அந்த முதல் ஐந்து நிமிஷத்தில் நம் கையில்தான் இருக்கிறது.

உடம்பில் இரண்டு எலும்புகள் கூடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பூட்டிய அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையைச் சுற்றி வலுவான உறை ஒன்று இருக்கிறது. உறையின் உட்புறம் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரக்கும் நீர், கோழி முட்டையின் வெள்ளைக் கருவைப்போல் வழவழப்பானது. உடம்பிலேயே பெரிய மூட்டாகிய முழங்காலில்கூட அந்த நீர் ஒரு தேக்கரண்டி அளவு இராது. அவ்வளவு சொற்பமான நீரை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் நாம் நடக்கிறோம், ஓடுகிறோம், மாடிப்படி ஏறுகிறோம். எலும்பின் முனைகளிலோ குருத்தெலும்பு வெண்மையாகப் பளபளவென்று போர்த்தியிருக்கிறது. இந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுநீரிலிருந்து ஊறிவரும் ஆகாரமே அதற்கு ஜீவனம். ஆகையால் அது ஒருமுறை அழிந்தால், தோலைப் போலவோ எலும்பைப் போலவோ மறுபடியும் நன்றாக வளர்ந்துவிடுவதில்லை.

இப்படிப்பட்ட பூட்டிய அறைக்குள் ஒரு முள்ளோ, ஆணியோ, கண்ணாடிச் சில்லோ துளைத்துக்கொண்டு நுழைந்தால் என்ன ஆகும்? துளை ஊசிமுனை அளவே இருக்கலாம். வெளித்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளவும் கூடும். ஆனால் உள்ளே புகுந்த கிருமிகளுக்கு அந்த வழவழப்பான நீர் விருந்துச் சாப்பாடு. அவற்றை எதிர்க்க வரும் இரத்த அணுக்கள் சீழாகின்றன. கிருமியை ஒழிக்க வந்த சீழே குருத்தெலும்பையும் அரிக்கிறது. திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டையும் இடித்துத் தள்ளுவது போன்ற கதைதான். சில தினங்களுக்குள் மூட்டு பாழாகி, காலோ விரலோ ஆயுளுக்கும் மடங்காமல் நின்றுவிடக் கூடும். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் மனிதர்கள் எளிதில் அறிந்துகொண்டுவிடவில்லை. எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தால், அல்லது மூட்டு திறந்துவிட்டிருந்தால், அந்த அங்கத்தையே வெட்டி எறிவதுதான் உயிர் பிழைக்க வழி என்று ஐரோப்பாவின் பெரிய ரண வைத்தியர்கள்கூடப் பல காலம் நம்பினார்கள். வெட்டிய பிறகும் பிழைத்தவர்கள் குறைவு. 1846-ல் ஈதர் என்னும் மயக்க மருந்து வழக்கத்துக்கு வந்தது. வலி ஒழிந்தது, ஆனால் சீழ் ஒழியவில்லை. வலியில்லாமல் அறுத்துக்கொண்டு, பிறகு சீழ் பிடித்துச் சாவது என்ற விசித்திரமான முன்னேற்றமே ஏற்பட்டது!

அப்போது கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற ரண வைத்தியர் இருந்தார். பால் புளிப்பதும் திராட்சரசம் கெடுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால்தான் என்று பிரான்ஸில் பாஸ்டர் காட்டியிருந்தது அவர் காதுக்கு எட்டியது. காயம் அழுகுவதும் அதே காரணத்தால்தானோ என்று அவர் யோசித்தார். கார்லைல் என்ற ஊரில் சாக்கடையின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்படுவதாகவும் கேள்விப்பட்டிருந்தார். 1865 ஆகஸ்டு 12-ந் தேதி ஒரு பதினொரு வயதுப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. லிஸ்டர் காலை வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் காயத்தின்மேல் வைத்துக் கட்டி, காலைச் சிம்பு வைத்து நிறுத்தினார். நான்கு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பையன் தன் இரண்டு கால்களுடனும் வீடு திரும்பினான்.

லிஸ்டர் கணக்கு வைத்திருந்தார் என்பது நமக்கு அவரிடம் உள்ள விசேஷ மதிப்புக்குக் காரணம். இந்த முறை வருவதற்கு முன் அவர் அங்கம் வெட்டிய 35 பேரில் 16 பேர் இறந்தார்கள்; முறை வந்தபின் 40 பேரில் 6 பேர். அதாவது நூற்றுக்கு நாற்பத்தாறாக இருந்த மரணம் பதினைந்தாக இறங்கியது. கணக்குப் பாடம் எதற்கு உபயோகம் என்று கேட்கும் மாணாக்கர்களுக்கு நாம் இந்த இரண்டு பின்னங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம்.

அவருடைய துணிச்சலின் சிகரம் முழங்கால் மூட்டில்தான் நடந்தது. 1877 அக்டோபர் 26-ந் தேதி, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில், முழங்கால் சில்லு உடைந்த ஒருவருடைய மூட்டை அவர் வேண்டுமென்றே திறந்தார். உடைந்த துண்டுகளை வெள்ளிக் கம்பியால் இணைத்தார். மூடியிருக்கும் முழங்காலைத் திறப்பது அந்நாளில் கொலைக்குச் சமானம். நோயாளி இறந்தால் லிஸ்டர்மேல் வழக்குத் தொடரவேண்டும் என்று லண்டனில் ஒரு பிரபல ரண வைத்தியர் பேசினாராம். நோயாளி இறக்கவில்லை, குணமடைந்தார். திறந்த மூட்டும் கிருமியில்லாமல் ஆறக்கூடும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

கார்பாலிக் அமிலத்தின் காலம் பிறகு மலையேறிவிட்டது. அது கிருமியோடு சதையையும் எரிப்பது. முதல் உலக யுத்தத்தின் சேற்றுக் குழிகளில் ரண வைத்தியர்கள் வேறு பாடங்களைக் கற்றார்கள். செத்த சதையையும் மண்ணையும் துணித் துண்டையும் முழுவதும் அகற்றாமல் மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் பயனில்லை என்பது முதற் பாடம். பெல்ஜியம் தேசத்து வில்லெம்ஸ் என்ற ரண வைத்தியர், சீழ் பிடித்த முழங்காலைத் திறந்துவிட்டபின் நோயாளியைக்கொண்டே அதை உடனே அசைக்கச் செய்தார். அசைவு சீழை வெளியேற்றும், மூட்டும் இறுகாது என்பது அவருடைய கொள்கை. மூட்டை நெடுங்காலம் கட்டிப்போட்டால் காயம் ஆறினாலும் அசைவு போய்விடும் என்பது இன்றைக்கும் வைத்தியர்கள் மறவாத எச்சரிக்கை. 1928-ல் பிளெமிங் கண்ட பென்ஸிலின் இரண்டாம் உலக யுத்தத்தின்போது மருந்தாகக் கைக்கு வந்தது. ஆனால் மருந்து வந்துவிட்டதால் கழுவுதல் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. கழுவுவதும் மருந்தும் சேர்ந்தால்தான் சிகிச்சை.

இவ்வளவையும் நாம் புஸ்தகங்களைத் தேடிப் படித்தது ஒரு பையனால். அவன் பெயர் இங்கே வேண்டாம். நமது ஒன்பதாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சுக்காரன். ஒரு நாள் வட்டம் வரையச் சொன்னோம். அவன் காம்பஸை இடது கையில் வைத்துக்கொண்டு திண்டாடினான். வலது கையைப் பெஞ்சுக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தான். வெளியே எடுக்கச் சொன்னபோது நடுவிரலின் முட்டியில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று காய்ந்து கிடந்தது. புறங்கை முழுவதும் வீங்கியிருந்தது.

“என்னப்பா இது?”

“கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது, சார். சின்னக் காயந்தான். பாட்டி பற்றுப் போட்டிருக்கிறார்கள்.”

“எப்போது?”

“முந்தாநாள், சார்.”

முந்தாநாள் பட்ட சின்னக் காயம் இன்றைக்கு வற்றியிருக்க வேண்டுமேயன்றி இப்படி உப்பியிருக்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் அனலாய்க் கொதித்தது. விரலை நாம் ஒரு நூலளவு அசைத்ததும் பையன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவன் தகப்பனாருக்குச் சொல்லியனுப்பி, மத்தியானமே அவரையும் அழைத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர் அம்மாள் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பற்றைக் கழுவிவிட்டுக் காயத்தைப் பார்த்தார். அரை அங்குலம்கூட இல்லாத சிறு கீறல். விளிம்பில் சீழ் கசிந்தது. “கையை முஷ்டி பிடி” என்றார். பையனால் முடியவில்லை. அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, “யாருடைய பல், தம்பி?” என்று கேட்டார்.

“பல்லா? கதவு இடுக்கு என்றல்லவா சொன்னான்?” என்று தகப்பனார் திகைத்தார்.

பையன் டாக்டரையும் பார்க்கவில்லை, தகப்பனாரையும் பார்க்கவில்லை. நம்மைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் நமக்கு உடனே விளங்கிற்று. பள்ளிக்கூடத்தில் அடிதடியில் இறங்குகிறவனை ஒரு வாரம் வெளியே நிறுத்துவது என்று விதி ஏற்பட்டிருந்தது. காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை உரக்க வாசிக்கவும் வாசித்திருந்தார்கள். மைதானத்தில் யாரோ கேலி செய்ய, இவன் அவன் வாயில் ஒரு குத்து விட்டிருக்கிறான். குத்தியவனும் குத்துப்பட்டவனும் உடனே சமாதானமாகி, இருவருமாகச் சேர்ந்து கதவைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள்!

டாக்டர் அம்மாள் பிறகு நமக்கு விளக்கினார். முஷ்டி பிடித்தால் விரல் முட்டியின்மேல் தோல் இறுகி மெலிந்துவிடுகிறது. அதற்கு அடியிலேயே மூட்டு. எதிராளியின் முன்பல் அங்கே பட்டால், தோல், தசைநாண், மூட்டுறை மூன்றையும் ஒரே குத்தில் துளைத்துவிடும். அடித்தவன் கையை விரித்ததும் தசைநாண் பின்னால் நகர்ந்து துளையை மூடிவிடுகிறது. வாயிலுள்ள எண்ணற்ற வகைக் கிருமிகள் உள்ளே அகப்பட்டுக்கொள்கின்றன. வெளியே பார்த்தால் ஒரு கீறல். உள்ளே திறந்த மூட்டு. “நாய் கடித்தால் ஓடி வருகிறார்கள், சார். மனிதப் பல் பட்டால் வருவதில்லை” என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், பல்லின் துணுக்கு ஏதும் உள்ளே தங்கவில்லை. நரம்பு வழியாக ஆண்டிபயாட்டிக் மருந்தை உடனே ஏற்றினார்கள். அன்றிரவே மயக்கம் கொடுத்து, கீறலைப் பெரிதாக்கி, மூட்டைத் திறந்து, சுத்தமான உப்பு நீரால் கழுவினார்கள். காயத்தைத் தைக்கவில்லை. “தைத்து மூடினால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்” என்று விளக்கம் வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு கழுவல். வீட்டுக்கு அனுப்பும்போது பத்து நாள் ஆகிவிட்டிருந்தது. அதன் பிறகு விரலை மடக்கி நிமிர்த்தும் பயிற்சி பல வாரங்கள் நடந்தது. அடிபட்டவனுடைய உதடு ஒரு வாரத்துக்குள் ஆறிவிட்டது. அடித்தவனுடைய நடுவிரலோ இன்றும் உள்ளங்கையைத் தொடுவதில்லை. எழுதுகிறான், வட்டம் வரைகிறான். பந்து பிடிக்கும்போது மட்டும் தடுமாறுகிறான். முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் இந்தக் குறை வந்திராது என்று டாக்டர் அம்மாள் சொன்னபோது தகப்பனார் தலைகுனிந்து நின்றார்.

அந்த மாதத்து உபாத்தியாயர் கூட்டத்தில் நாம் ஒரே ஒரு யோசனையை முன்வைத்தோம். காயத்தோடு வருகிற பிள்ளையிடம் முதலில் காயத்தைக் கேட்பது. காரணத்தை மறுநாள் கேட்பது. காயத்தை அன்றே தெரிவித்தவனுக்குத் தண்டனை இல்லை. இப்படிச் செய்தால் கட்டுப்பாடு குலையும் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். கட்டுப்பாடு குலைந்தால் திருத்திக்கொள்ளலாம், குருத்தெலும்பு குலைந்தால் திருத்த முடியாது என்று பதில் சொன்னோம். அடிதடி விதி இன்னும் பலகையில் இருக்கிறது. அதற்கு மேலே இந்த வரியும் இருக்கிறது.

இனி, வீட்டில் உள்ளவர்கள் நினைவில் வைக்கவேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

காயம் சிறியதா பெரியதா என்று பார்க்காதீர்கள். எங்கே என்று பாருங்கள். முழங்கால், முழங்கை, கணுக்கால், மணிக்கட்டு, விரல் முட்டி ஆகிய இடங்களின்மேலோ அருகிலோ ஆழமான காயம் இருந்தால், அது மூட்டுக்குள் போயிருக்கிறது என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்று வைத்தியர் சொல்லட்டும். காயத்திலிருந்து மஞ்சளான வழவழப்பு நீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். வைத்தியருக்கே சில சமயம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. மூட்டின் வேறொரு பக்கத்தில் உப்பு நீரை ஊசியால் ஏற்றி, காயத்தின் வழியாக ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள், அல்லது ஸி.டி. ஸ்கேன் எடுத்து உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி, சிலந்திக் கூடு, பற்பசை, பேனா மை முதலிய நம் வீட்டு மருந்துப் பெட்டியை அன்று ஒரு நாள் மூடியே வையுங்கள். திறந்த மூட்டுக்கு இவையெல்லாம் வெளியிலிருந்து உள்ளே செலுத்தும் அழுக்கே. முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலின்மேல் ஒட்டிய மண்ணைச் சுத்தமான தண்ணீர் விட்டு அலம்பலாம். விரலையோ துணியையோ உள்ளே விட்டுத் துழாவக் கூடாது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடியோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதை அசையாமல் சுற்றிக் கட்டி அப்படியே அழைத்துச் செல்லுங்கள். மூட்டு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே ஒரு மட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அணைவாக வைத்துக் கட்டுங்கள். வழியில் சோடா, காப்பி உபசாரம் வேண்டாம். மயக்கம் கொடுக்க நேர்ந்தால் வெறும் வயிறே நல்லது.

மிக முக்கியமான ஒன்று. “தனுர்வாயு ஊசி போட்டாகிவிட்டது, இனி பயமில்லை” என்று வீட்டுக்கு வீடு சொல்லக் கேட்கிறோம். அந்த ஊசி தனுர்வாயு என்ற ஒரு நோயைத்தான் தடுக்கும். சீழ் பிடிப்பதைத் தடுக்காது. அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசிக்குப் பின் ஐந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அது மூட்டைக் கழுவுவதற்குப் பதிலாகாது. அதேபோல் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வீங்குகிறதா என்று காத்திருப்பதும் ஆபத்து. காயம் பட்ட சில நாளில் மூட்டு வீங்கி, சுட்டு, அசைத்தால் உயிர் போகிறாற்போல் வலித்தால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் காலை என்பது தாமதம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். சுவரேறிக் குதித்தான், சண்டை போட்டான், சொல்லாமல் குளத்துக்குப் போனான் என்று பிள்ளைகளைக் கோபிக்க எவ்வளவோ நியாயங்கள் நமக்கு இருக்கலாம். அந்தக் கோபத்தைக் காயம் ஆறும் வரையில் ஒத்திப் போட வேண்டும், அவ்வளவே. “எங்கே, காட்டு பார்ப்போம்” என்று சொல்லும் குரலில் பயமுறுத்தல் இல்லையென்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் கையைப் பெஞ்சுக்கு அடியில் மறைக்காது.